கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் எதை விட்டார், எதை விடவில்லை: மனோகர்பூர் நிகழ்வு ஆய்வு

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் நம் சபைகளில் தவறாமல் வரும் பெயர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். பெரும்பாலும் கதை இரண்டே வரியில் முடிந்துவிடும். கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் உயிரோடு கொளுத்தினார்கள், அந்த அம்மா மன்னித்துவிட்டார். அடுத்த வாக்கியத்தில் போதகர் நம் பக்கம் விரலை நீட்டிவிடுவார். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, அவர் சொன்னது என்ன, சொன்ன பிறகு செய்தது என்ன, நீதிமன்றம் எங்கே நின்றது என்பதெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் காணாமல் போய்விடுகிறது. பழிவாங்குவதை ஒரு கிறிஸ்தவர் கைவிடுகிறார் என்றால் அவர் கையிலிருந்து சரியாக எது கீழே விழுகிறது என்பதை அறிய அந்த விவரங்கள் வேண்டும். அதற்காகவே இந்த ஆய்வு.

நடந்தது

கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்தவர். 1965-இல் இளைஞராக ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துக்கு வந்தவர், சாகும்வரை அங்கேயே இருந்தார். மாவட்டத் தலைநகரான பாரிபதாவில் இருந்த தொழுநோயாளர் இல்லம்தான் அவருடைய முதன்மையான பணி. 1983-இல் கிளாடிஸை மணந்தார். ஒரு மகள், இரண்டு மகன்கள். பிள்ளைகள் படித்தது ஊட்டியில் உள்ள உறைவிடப் பள்ளியில்.

1999 ஜனவரியில் விடுமுறைக்கு வந்திருந்த மகன்கள் பிலிப்பும் தீமோத்தேயும் அப்பாவோடு ஒரு முகாமுக்குப் புறப்பட்டார்கள். பிலிப்புக்கு 10 வயது, தீமோத்தேயுவுக்கு 6. பக்கத்துக் கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர் என்ற கிராமத்தில் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் கூடும் முகாம் அது. தாயும் மகளும் பாரிபதாவிலேயே தங்கிவிட்டார்கள். ஜனவரி 22 இரவு, குளிர் கடுமையாக இருந்ததால் மூவரும் ஆலயத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்த வண்டிக்குள் படுத்துக்கொண்டார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு கும்பல் தடிகளோடு வந்தது. வண்டியை அடித்து நொறுக்கி, வைக்கோலைப் போட்டுத் தீ வைத்தது. காப்பாற்ற வந்தவர்களை நெருங்கவிடவில்லை. மூவரும் வண்டிக்குள்ளேயே எரிந்துபோனார்கள். கிரஹாமுக்கு 58 வயது நிறைந்து ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன.

அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் இந்தக் கொலைகளை உலகத்தின் கறுப்புச் செயல்களின் பட்டியலில் சேர்த்துக் கண்டித்தார். கும்பலுக்குத் தலைமை தாங்கியவர் தாரா சிங் என்ற பெயரில் அறியப்பட்டவர். அவர் தலைமறைவானார்.

சொன்னது

செய்தி வந்தபோது மகளிடம் சொன்னதைக் கிளாடிஸ் பின்னாளில் பல கூட்டங்களில் விவரித்திருக்கிறார். நாம் இருவரும் தனியாக விடப்பட்டோம் போலிருக்கிறது, ஆனாலும் மன்னிப்போம் என்றார் தாய். ஆமாம் அம்மா, மன்னிப்போம் என்றாள் 13 வயது மகள். இந்த உரையாடலில் நான் கவனிப்பது காலத்தைத்தான். மன்னித்துவிட்டோம் என்று இருவருமே சொல்லவில்லை. மன்னிப்போம் என்றார்கள். அந்த வீட்டில் அன்று எடுக்கப்பட்டது ஒரு தீர்மானம். மனம் அந்தத் தீர்மானத்தைப் பின்தொடர்ந்து வந்து சேர எத்தனை இரவுகள் ஆயின என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு.

சில நாட்களில் பத்திரிகையாளர்களிடமும் பேசினார். தன்னிடம் கசப்பு இல்லை, கோபமும் இல்லை என்றார். இந்த நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் கிறிஸ்துவோடு உறவு கொள்ள வேண்டும் என்பதே தன் ஆசை என்றும் சேர்த்துச் சொன்னார். இந்தப் பின்பகுதியைச் செய்தியாளர்கள் பலர் வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம். மதமாற்றக் குற்றச்சாட்டைச் சொல்லித்தான் கணவரைக் கொன்றார்கள் என்பது தெரிந்திருந்தும், தன் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு அவர் மன்னிக்கவில்லை. எதிரியைச் சாந்தப்படுத்தப் பேசும் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு பதிவு இருக்கிறது. மூன்றிலும் இதுவே முக்கியமானது என்பேன். நீதிபதி டி.பி. வாத்வா தலைமையிலான விசாரணை ஆணையத்தில் கிளாடிஸ் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். கிரஹாம் ஏன் கொல்லப்பட்டார், அந்த இரவில் கொலையாளிகள் இத்தனை கொடூரமாக நடந்துகொள்ள எது காரணம் என்று சில வேளைகளில் நினைத்துப் பார்க்கிறேன் என்று அதில் எழுதினார். என் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கொன்றவர்களைத் தண்டிக்கும் எண்ணம் என் மனதில் துளியும் இல்லை, அவர்கள் மனந்திரும்பிச் சீர்ப்பட வேண்டும் என்பதே என் விருப்பமும் நம்பிக்கையும் என்று முடித்தார்.

ஏன் என்ற கேள்வி மன்னித்தவரையும் விடவில்லை. மன்னித்தால் மனம் அமைதியடைந்து கேள்விகள் ஓய்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தப் பத்திரத்தின் முதல் பாதியைப் படித்ததில்லை போலும்.

மன்னித்த பிறகும் கொலை நிற்கவில்லை

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். கிளாடிஸ் மன்னித்த செய்தி உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே 1999-இல் தாரா சிங் காட்டுப் பகுதியில் நடமாடிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாத இறுதியில் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் வணிகர் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில், செப்டம்பர் தொடக்கத்தில், ஜமாபனி என்ற ஊரில் அருள்தாஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கொல்லப்பட்டார். இந்த இரண்டு வழக்குகளிலும் பின்னர் தாரா சிங்குக்குத் தண்டனை கிடைத்தது. போலீஸ் அவரைப் பிடித்தது 2000 ஜனவரி 31 அன்று.

அதாவது, மன்னிப்பு அவரை மாற்றவில்லை. மன்னித்தால் எதிரி உருகுவான் என்ற எதிர்பார்ப்போடு இந்த வழக்கை அணுகுபவருக்கு இங்கே பதில் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளிலும் இதே நிலைதான். தன்னைக் கல்லெறிந்தவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும் என்று முழங்காற்படியிட்டு ஜெபித்தபடி ஸ்தேவான் இறந்தான். கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்ற சவுல் அடுத்த அதிகாரத்தில் என்ன செய்கிறான்? வீடுகள்தோறும் நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டுபோய்க் காவலில் போடுகிறான். சவுல் பவுலானது பிறகு நடந்தது. ஸ்தேவான் அதைப் பார்க்கவில்லை, பார்ப்போம் என்று நம்பி ஜெபிக்கவும் இல்லை.

அருள்தாஸின் மரணம் இன்னொன்றையும் உறுத்தலாக எழுப்புகிறது. ஒருவர் தனக்கு நேர்ந்ததை மன்னிக்கலாம். அடுத்து யாருக்கு நேரப்போகிறதோ அவருடைய உயிரை மன்னிப்பாக எடுத்துக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அன்றைய ஒடிசாவில் அந்த மனிதரைப் பிடிப்பதுதான் அயலாரை நேசிப்பதாக இருந்தது. அது காவல்துறையின் கடமை. விதவையின் மன்னிப்பு அதற்குத் தடையுமல்ல, மாற்றுமல்ல.

ரோமர் 12-ஐ 13-ஓடு சேர்த்துப் படித்தால்

வேதாகமத்தில் நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் எழுதிய நிருபத்தில் 12-க்கும் 13-க்கும் நடுவே எந்த இடைவெளியும் இல்லை. ஆனால் நம் வேதபாட வகுப்புகளில் 12-ஆம் அதிகாரம் மன்னிப்புக்கும் 13-ஆம் அதிகாரம் அரசாங்கத்துக்கும் வரி கட்டுவதற்கும் என்று தனித்தனி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்விடுகின்றன.

சேர்த்துப் படியுங்கள். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று கர்த்தர் சொல்லுவதால் நீங்கள் பழிவாங்காமல் கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள் என்கிறார் பவுல். உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்கிறார். நான்கைந்து வசனங்கள் தாண்டியதும், தீமை செய்கிறவன்மேல் கோபாக்கினை வரப்பண்ணும்படி அதிகாரி தேவ ஊழியக்காரனாயிருக்கிறான் என்கிறார். விசுவாசியின் கையில் இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட அதே பட்டயம் அதிகாரியின் கையில் விருதாவாய் இல்லை. பழி தீர்க்கும் வேலை இல்லாமல் போய்விடவில்லை, ஆள் மாறியிருக்கிறது. இதை எழுதிய காலத்தில் ஆட்சியில் இருந்தது ரோமப் பேரரசு என்பதையும் மறக்க வேண்டாம். அதிகாரி யோக்கியன் என்று பவுல் சான்றிதழ் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவன் தானே நீதிபதியாகவும் தண்டிப்பவனாகவும் ஆகிவிடக் கூடாது என்பதில்தான் உறுதியாக இருக்கிறார்.

கிளாடிஸின் நடத்தையில் இந்த இரண்டு அதிகாரங்களும் ஒன்றாகவே இருந்தன. வழக்கை கைவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. தூக்கில் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. 2003 செப்டம்பரில் புவனேஸ்வர் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்கு மரண தண்டனையும் மற்ற 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005 மே மாதம் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து 11 பேரை விடுவித்தது. 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டனை ஏறியபோதும் இறங்கியபோதும் கிளாடிஸின் பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லை. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்பதே அவர் நிலை.

பிரமாணப் பத்திரத்தில் தண்டிக்கும் எண்ணம் இல்லை என்று எழுதியவர் பிறகு விளைவுகள் தொடரட்டும் என்றது முரண் இல்லையா என்று கேட்பார்கள். முரண் இல்லை. கொலையில் கடன்பட்டவன் ஒருவன்தான், கடன் கொடுத்தவர்கள் பலர். கணவரை இழந்த மனைவிக்கு ஒரு கடன் உண்டு. தம் இல்லத்தை நடத்தியவரை இழந்த தொழுநோயாளர்களுக்கு உண்டு. சட்டத்துக்கு உண்டு. எரிந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு எல்லாரையும்விட அதிகமாக உண்டு. கிளாடிஸ் தன் கடன் பத்திரத்தைத்தான் கிழித்தார். மற்றவர்களுடைய பத்திரங்கள் அவர் பெட்டியில் இல்லை.

பழிவாங்க அவர் கையில் என்ன இருந்தது

பழி என்றதும் நமக்கு அரிவாள் நினைவுக்கு வருகிறது. அப்படிப் பார்த்தால் கிளாடிஸ் மன்னித்தது பெரிய காரியமே இல்லை. 50 வயதை நெருங்கும் ஒரு வெளிநாட்டுப் பெண் யாரைப் போய் வெட்டப்போகிறார்? அவரால் முடிந்த பழி வேறு வகை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் செய்வதும் அந்த வகைதான்.

உலகத் தொலைக்காட்சிகள் அவர் வாசலில் நின்றன. ஒரு நாட்டையே, ஒரு மதத்தாரையே மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவருடைய ஒரு பேட்டி போதும். யாரும் அவரைக் குறைசொல்லவும் முடியாது. தொழுநோயாளர் இல்லத்தைப் பூட்டிவிட்டு மறுவாரமே விமானம் ஏறியிருக்கலாம். எங்களை இப்படிச் செய்தீர்கள், இனி உங்கள் நோயாளிகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்லியிருக்கலாம். அது பழி என்று யாருக்கும் தோன்றியிருக்காது. துக்கம் தாங்காமல் போய்விட்டார் என்று அனுதாபம்தான் பட்டிருப்பார்கள். மகளின் மனதில் ஒரு மக்கள் கூட்டத்தின்மேல் வெறுப்பை ஊற்றி வளர்த்திருக்கலாம். அது இன்னும் சத்தமில்லாத பழி.

அவர் பாரிபதாவிலேயே இருந்தார். ஐந்தாண்டுகளுக்கு மேல் அந்த இல்லத்தை நடத்தினார். விரல்கள் மழுங்கிய நோயாளிகளின் புண்களுக்கு மருந்து, கட்டுத்துணி, சாப்பாடு, கணக்கு, அரசு அலுவலகங்களுக்கு நடை என்று அன்றாட வேலை ஒவ்வொன்றும் கணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கணவரின் பெயரில் ஒரு மருத்துவமனை 2004-இல் அங்கே திறக்கப்பட்டது. அந்த ஆண்டுதான் அவர் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. பத்திரிகையாளர்களிடம் சொன்ன மன்னிப்பைவிட இந்த ஐந்தாண்டு வேலையே எனக்கு வலுவான சான்று. உணர்ச்சி வேகத்தில் மைக்குக்கு முன்னால் எதையும் சொல்லிவிடலாம். கொலையாளிகளின் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில், அவர்களோடு ஒரே மொழி பேசும் மக்களின் புண்ணைக் கழுவிக்கொண்டு ஐந்தாண்டுகள் கசப்பை நடிப்பால் மறைக்க முடியாது.

நம் பக்கம் திரும்பினால் காட்சி வேறு. சொத்துப் பங்கீட்டில் ஏமாற்றிய அண்ணனின் பிள்ளை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, மன்னித்துவிட்டேன் ஆனால் உறவு வேண்டாம் என்கிறோம். சபைத் தேர்தலில் தோற்கடித்தவரைப் பற்றி ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நான்கு வீடுகளில் பேசிவிட்டு வருகிறோம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நாம் சொல்லும் தொனியிலேயே, சீக்கிரம் பார்க்கட்டும் என்ற அவசரம் தெரிகிறது. ஆதியாகமத்தில் லாமேக்கு தன் மனைவிகளைக் கூப்பிட்டு, காயீனுக்காக ஏழு பழி சுமருமானால் லாமேக்குக்காக எழுபத்தேழு பழி சுமரும் என்று பெருமையடித்தான். பேதுரு வந்து ஏழுதரமட்டுமோ என்று கேட்டபோது இயேசு சொன்ன ஏழெழுபதுதரம் அந்தப் பழைய பாட்டைத் தலைகீழாக்குகிறது. லாமேக்கின் கணக்கில் வாழ்ந்துகொண்டே இயேசுவின் கணக்கை வாயால் ஒப்பிக்கும் திறமை நமக்கு நன்றாகவே வந்திருக்கிறது.

இன்னொரு வழக்கு, இன்னொரு வேகம்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழக்கு வேண்டும். 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரிலிருந்து இந்தூருக்குச் சென்ற பஸ்ஸில் அருட்சகோதரி ராணி மரியா பயணிகளின் கண்ணெதிரே குத்திக் கொல்லப்பட்டார். கேரளத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் துறவி. நிலமற்ற பழங்குடி மக்களைக் கடன்பிடியிலிருந்து விடுவிக்க அவர் செய்த வேலை அப்பகுதி நிலக்கிழார்களுக்குப் பொறுக்கவில்லை. குத்தியவர் அவர்களால் ஏவப்பட்ட சமந்தர் சிங் என்ற இளைஞர். ஆயுள் தண்டனை பெற்று இந்தூர் சிறைக்குப் போனார்.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் துறவிதான். அவர் சிறைக்குப் போய்க் கொலையாளியைச் சந்தித்தது 2002-இல். அவர் கையில் ராக்கி கட்டித் தம்பியாக ஏற்றுக்கொண்டார். அக்காள் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. சமந்தர் சிங் மனம் உடைந்து வருந்தினார். பிறகு குடும்பத்தார் அவருடைய விடுதலைக்காக மனு கொடுத்தார்கள். 2006-இல் அவர் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு கேரளத்துக்குப் போய் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது கொலையாளியும் அங்கே இருந்தார்.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்தால் சுவிசேஷங்களில் மன்னிப்பைப் பற்றி ஒன்றுக்கொன்று இடிப்பதுபோலத் தோன்றும் இரண்டு வசனங்கள் விளங்குகின்றன. ஜெபம்பண்ண நிற்கும்போது யார்மேல் குறை இருந்தாலும் மன்னியுங்கள் என்கிறது மாற்கு 11:25. அங்கே எதிராளி பக்கத்திலேயே இல்லை, அவன் வருந்தினானா என்ற கேள்வியும் இல்லை. லூக்கா 17:3-இல், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக என்று இருக்கிறது. முதலாவது கடவுளுக்கு முன்னால் ஒருவர் தன் கையிலுள்ள பழியைக் கீழே வைப்பது. அதற்கு இன்னொருவர் தேவையில்லை. இரண்டாவது உறவு திரும்பிக் கட்டப்படுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், உண்மை வெளியே வர வேண்டும், வருத்தம் வேண்டும். கிளாடிஸுக்கு மாற்கு கிடைத்தது, லூக்கா கிடைக்கவில்லை. செல்மி பாலுக்கு இரண்டும் கிடைத்தன, ஆண்டுகள் கழித்து. முதலாவதைக் கொடுத்தவரிடம் இரண்டாவது எங்கே என்று கேட்பதும், ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டவரிடம் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பதும் வெளியில் நிற்பவர்களின் துணிச்சல்.

இந்தக் கதையை வைத்து அடிப்பவர்கள்

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் சபையில் வந்து சொல்கிறாள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அவ்வளவு பெரிய இழப்பையே மன்னித்தாரே, நீ இதை மன்னிக்க மாட்டாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஊழியக்காரர் ஒருவர் பிள்ளைகளிடம் தவறாக நடந்த புகார் வருகிறது. மன்னிப்பைப் பற்றி ஒரு வாரம் உபவாச ஜெபம் நடக்கிறது, போலீசுக்கு யாரும் போவதில்லை.

இந்த வழக்கே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கிளாடிஸ் அந்த வார்த்தையைத் தானாகச் சொன்னார், ஒருவர் அவர் வாயிலிருந்து பிடுங்கவில்லை. அவர் மன்னித்த அன்றே சட்டமும் கொலையாளிகளைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கூரைக்குக் கீழே அன்றிரவு அவர் படுக்க வேண்டியிருக்கவில்லை. அடிபடும் பெண்ணின் நிலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு உதாரணம் வேண்டுமானால் 1 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். எங்கேதிக் குகையில், தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது தாவீது அவனைக் கொல்லவில்லை, சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டான். சவுல் சத்தமிட்டு அழுதான், என் குமாரனாகிய தாவீதே என்றான், நீ என்னைவிட நீதிமான் என்றான். நம் சபைகளில் ஒரு சமாதானக் கூட்டம் வெற்றியடைந்தது என்று அந்த இடத்திலேயே ஸ்தோத்திர ஜெபம் சொல்லி முடித்திருப்பார்கள். அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். சவுல் தன் வீட்டுக்குப் போனான். தாவீதும் அவன் மனுஷரும் அரணிப்பான இடத்துக்கு ஏறிப்போனார்கள். பழிவாங்க மறுத்தவன் ஈட்டி எட்டும் தூரத்துக்குத் திரும்பவில்லை. சில பக்கங்கள் தாண்டினால் சவுல் மூவாயிரம் பேரோடு மறுபடியும் தேடி வருகிறான், தாவீது செய்தது சரி என்பது அதிலேயே தெரிகிறது.

உண்மையைப் பற்றி ஒரு குறிப்பு

2011 தீர்ப்பில் ஒரு சம்பவம் அதிகம் பேசப்படுவதில்லை. கிரஹாம் ஸ்டெயின்ஸின் மதச் செயல்பாடுகளுக்காக அவருக்குப் பாடம் கற்பிப்பதே கொலையின் நோக்கம் என்ற பொருளில் ஒரு வாக்கியமும், மதமாற்றத்தைப் பற்றி இன்னொரு கருத்தும் அதில் இடம்பெற்றிருந்தன. கொலைக்கு அது சாக்குபோல ஒலிக்கிறது என்று கிறிஸ்தவ அமைப்புகளும் பத்திரிகை ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அமர்வு சில நாட்களிலேயே தானாக முன்வந்து அந்த வரிகளை நீக்கியது. மன்னித்தாயிற்றே, இதற்கு எதற்குச் சண்டை என்று அப்போது சிலர் கேட்டார்கள். மன்னிக்கப்படுவது நடந்த குற்றம்தான். குற்றத்தைக் குற்றமில்லை என்று எழுதிவைத்தால் மன்னிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. தன்னை விற்ற சகோதரரிடம் யோசேப்பு, நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அவர்களுக்கு ஆறுதல் சொன்னான்.

இப்போது

தாரா சிங்கோடு ஆயுள் தண்டனை உறுதிசெய்யப்பட்ட மற்றவர் மகேந்திர ஹெம்பிரம். 25 ஆண்டுகள் சிறையில் இருந்த அவரை, நன்னடத்தை அடிப்படையில் 2025 ஏப்ரலில் ஒடிசா அரசு கியோஞ்சர் சிறையிலிருந்து விடுவித்தது. தாரா சிங்கும் முன்கூட்டியே விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றத்தை நாடியிருக்கிறார். விடுதலைச் செய்தி வந்தபோது, அந்த அம்மாவே மன்னித்துவிட்ட பிறகு இன்னும் சிறை எதற்கு என்று ஒரு பக்கமும், விடுதலை செய்தது அந்த மன்னிப்புக்கே அவமானம் என்று மறுபக்கமும் கிறிஸ்தவர்களே எழுதினார்கள்.

இரண்டு பக்கமும் கிளாடிஸின் மன்னிப்பை அரசின் கோப்புக்குள் செருகப் பார்க்கிறது. தண்டனைக் குறைப்புக்கு விதிகள் இருக்கின்றன: எத்தனை ஆண்டு கழிந்தது, சிறையில் நடத்தை எப்படி, வெளியே விட்டால் யாருக்கு ஆபத்து. அருள்தாஸ் பாதிரியார், அந்த முஸ்லிம் வணிகர் ஆகியோரின் வழக்குகளும் அந்த மேசையில் இருக்கின்றன, அவற்றில் கிளாடிஸுக்குக் கையெழுத்து உரிமை இல்லை. ராணி மரியாவின் குடும்பத்தார் விடுதலை கேட்டுத் தாங்களே மனு போட்டார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. அப்படி ஒரு மனுவைக் கிளாடிஸ் கொடுக்காதவரை, தாரா சிங்கின் விண்ணப்பத்தை அதிகாரிகள் அதன் தகுதியை வைத்துத் தீர்மானிக்கட்டும். 1999 ஜனவரியில் பாரிபதாவில் ஒரு தாயும் மகளும் எடுத்த தீர்மானம் அதில் எந்தப் பக்கத்துக்கும் ஆவணம் அல்ல.